விசுவாசமா, கீழ்ப்படிதலா? இரட்சிப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் ஞாயிறு மாலை வேதபாட வகுப்பை நடத்திவருகிறேன். நான் போதகர் இல்லை. பகலில் கணக்கு எழுதுகிற வேலை. அம்மா வழி கத்தோலிக்கக் குடும்பம், அப்பா வழி சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை. அதனால் இந்தப் பக்கத்தில் வரும் வாதங்களில் பாதியை வீட்டுத் திண்ணையில் கேட்டே வளர்ந்தேன். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

இந்தச் சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

தேவன் மனிதனை இரட்சிக்கிறார் என்றால், அதில் மனிதன் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றியது. நம்பினால் போதுமா, நம்பிவிட்டுக் கீழ்ப்படியவும் வேண்டுமா, கீழ்ப்படியாவிட்டால் நம்பினதே பொய்யா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நல்லவனாக நடந்து என் சொந்த பலத்தில் பரலோகம் போய்விடுவேன்" என்று எந்தப் பெரிய திருச்சபையும் போதிப்பதில்லை. அப்படிப் போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பெலாகியு என்ற பழங்காலத் துறவி. ஆயரான அகுஸ்தீன் அவரோடு வாதாடினார். 418இல் கார்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் அந்தப் போதனையைக் கண்டித்தது. 529இல் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், விசுவாசிக்க வேண்டும் என்று மனதில் எழுகிற முதல் ஆசையே கிருபையின், அதாவது தேவன் இலவசமாகத் தரும் தயவின், வேலைதான் என்றது. கிருபை முந்திக்கொள்கிறது என்பதில் கத்தோலிக்கர், லூத்தரன்கள், மெத்தடிஸ்டுகள், பெந்தெகொஸ்தேக்காரர் எல்லோரும் ஒரே பக்கம்தான். கிருபை வந்து கதவைத் திறந்த பிறகு நடப்பதை எந்தச் சொல்லால் சொல்வது என்பதில்தான் தகராறு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வந்த கேள்வியா?

இல்லை. நம் ஊரிலேயே இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாதம் உண்டு. ஸ்ரீவைஷ்ணவர்களில் தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள்: தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்: சுமப்பது தாய்தான் என்றாலும் குட்டி இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மதங்களின் கோட்பாடும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிடிப்பது யார் என்ற கவலை நமக்குப் புதிதில்லை.

"விசுவாசி, அப்பொழுது இரட்சிக்கப்படுவாய்" என்று வேதத்தில் இருக்கிறதே. அதோடு முடிந்தது இல்லையா?

அந்த வசனத்தை அது சொல்லப்பட்ட ராத்திரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம், ஊர் பிலிப்பி. அதிகாரிகளின் கட்டளையால் அடிபட்டு வந்த பவுலையும் சீலாவையும் உள்காவலறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தவன் இந்தச் சிறைச்சாலைக்காரன். நடுராத்திரியில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துகொண்டன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துத் தன்னையே வெட்டிக்கொள்ளப் பட்டயத்தை உருவினான். "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று பவுல் சத்தமிட்டார். அவன் விளக்கு கேட்டு வாங்கி, உள்ளே ஓடி, நடுங்கிக்கொண்டு விழுந்து கேட்டான்: "ஆண்டவன்மாரே, இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" அதற்கு வந்த பதில்தான் நீங்கள் சொன்ன வசனம்: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்."

'என்ன செய்யவேண்டும்' என்று கேட்டவனிடம் 'விசுவாசி' என்றார்கள். ஒரு பட்டியல் கொடுக்கவில்லை. சுவரொட்டிகளில் வசனம் இதோடு நின்றுவிடுகிறது. வேதத்தில் நிற்கவில்லை. இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள்: அந்த ராத்திரியிலேயே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான், தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான், அவர்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் போஜனம் வைத்தான்.

அந்தக் காயம் அவன் காவலுக்குள் நடுராத்திரிவரை மருந்தில்லாமல் கிடந்த காயம். கழுவு என்று யாரும் அவனுக்குச் சொன்னதாக இல்லை. இரட்சிப்புக்குக் கொடுத்த விலையாக அவன் அதைக் கழுவினான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வார்த்தையைக் கேட்டு, ஆமென் சொல்லி, காயம்பட்டவர்களை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போயிருந்தால், அவன் விசுவாசித்தான் என்று லூக்கா எழுதியிருப்பாரா?

இன்னொன்றும் உண்டு. பல வருடம் கழித்துப் பவுல் இதே பிலிப்பி ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதினார். "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற வசனம் அதில்தான் வருகிறது. அதே ஊர், அதே பவுல். விசுவாசி என்று சொன்ன வாய்தான் பிரயாசப்படு என்றும் சொன்னது. அடுத்த வரியில் காரணத்தையும் சொல்கிறார்: விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. இந்த இரண்டு வசனங்களையும் பிரித்து வைத்துத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

பவுலும் யாக்கோபும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள் அல்லவா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். (கிரியை என்றால் செயல்; நியாயப்பிரமாணம் என்றால் மோசேயின் சட்டம்.) ரோமர் 3:28: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்." யாக்கோபு 2:24: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." போதாததற்கு இரண்டு பேரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

ஆபிரகாமின் வாழ்க்கையில் அவர்கள் எங்கே கைவைக்கிறார்கள் என்று பாருங்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15: ராத்திரி வானத்தைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்று தேவன் சொல்ல, பிள்ளையில்லாத கிழவர் நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22: அந்தப் பிள்ளையையே பலிபீடத்தில் கிடத்திய நாள். இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறைக் காலம் இருக்கிறது. நட்ட அன்றைக்குத் தென்னம்பிள்ளையைப் பார்த்து இது உயிருள்ளது என்கிறார் பவுல். காய் இறக்கும் நாளில் அதே மரத்தைக் காட்டி, பார், அது உயிரோடுதான் இருந்தது என்கிறார் யாக்கோபு.

இருவரும் எதிர்த்த ஆட்களும் வேறு. பவுலுக்கு எதிரே நின்றவர்கள், யூதரல்லாதவன் சபைக்குள் வர விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் என்றவர்கள். அந்தியோகியாவில் பேதுருவே புறஜாதியாரோடு பந்தியில் உட்காருவதை விட்டு விலகினபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் 2இல் படிக்கலாம். "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்பதில் இந்த விருத்தசேதனம், பந்தி, ஓய்வுநாள் விவகாரங்களுக்குப் பெரிய இடம் உண்டு என்று இ. பி. சாண்டர்ஸ் என்ற வேத ஆராய்ச்சியாளர் 1977இல் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் வழியில் வந்தவர்கள் வாதிடுகிறார்கள். முழுக்க அதுதான் என்று நான் ஏற்கவில்லை. ரோமர் 4 அதைவிட ஆழமாகப் போகிறது. ஆனாலும் பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்ற சண்டை நம் ஊருக்கு நன்றாகவே புரியும்.

யாக்கோபுக்கு எதிரே நின்றவன், வஸ்திரமில்லாமல் வாசலில் நிற்கிற சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவன். அவனும் தன்னை விசுவாசி என்றுதான் சொல்லிக்கொள்கிறான். அவனிடம்தான் யாக்கோபு சொல்கிறார்: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." பிசாசுக்கு இருக்கிற அந்த விசுவாசத்தைப் பவுல் எந்த இடத்திலும் விசுவாசம் என்று அழைத்ததில்லை. கலாத்தியர் 5:6இல் அவர் சொல்வது "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்".

லூத்தர் வேதத்தில் "மாத்திரம்" என்ற சொல்லைச் சேர்த்தார் என்பது உண்மையா?

உண்மை. லூத்தர் ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்தவர். 1522இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல் "விசுவாசத்தினாலே மாத்திரம்" என்று போட்டார். கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை. 1530இல் அதற்கு விளக்கம் எழுதியபோது, வீட்டில் தாயும் தெருவில் பிள்ளைகளும் பேசுகிற ஜெர்மனில் அந்தச் சொல் இருந்தால்தான் வாக்கியம் இயல்பாக வரும் என்றார். நம் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "மாத்திரம்" கிடையாது. விசுவாசத்தோடு "மாத்திரம்" ஒட்டிவரும் ஒரே வசனம் யாக்கோபு 2:24. அதுவும் "மாத்திரமல்ல" என்று.

யாக்கோபின் கடிதத்தை 'வைக்கோல் நிருபம்' என்றும் அதே 1522 புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் எழுதினார். பிற்காலப் பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். கடிதத்தை வேதத்திலிருந்து நீக்கவும் இல்லை. ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையைப் படித்தால் வேறொரு லூத்தரைப் பார்க்கலாம்: விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலைசெய்வது, நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து நற்கிரியையைப் பிரிக்க முடியாது என்கிறார். "விசுவாசித்தால் போதும், எப்படியும் வாழலாம்" என்பதற்கு லூத்தரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அவரைப் படிக்கவில்லை.

அவருக்குப் பின் அவருடைய ஆட்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஜார்ஜ் மேயர் என்பவர், இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்றார். ஆம்ஸ்டார்ஃப் கோபத்தில் எதிர்மூலைக்கே போய், நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்றார். 1577இல் லூத்தரன் சபைகள் எழுதிய ஒப்பந்த அறிக்கை இரண்டு வாக்கியத்தையும் தள்ளிவிட்டது. வாதம் சூடேறினால் நல்ல மனிதர்கூட எதைச் சொல்லும் அளவுக்குப் போவார் என்பதற்கு இதைத்தான் வகுப்பில் எடுத்துக்காட்டுவேன்.

"விசுவாசம்" என்ற சொல்லே குழப்பத்துக்குக் காரணமோ?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"அந்த நாய்க்கு விசுவாசம் அதிகம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அந்த நாய் ஏதோ ஒரு கருத்தை ஒத்துக்கொண்டது என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. எஜமானை விட்டுப் போகாது என்று புரிந்துகொள்கிறோம். "சாப்பிட்ட வீட்டுக்கு நன்றி விசுவாசம் வேண்டாமா" என்று கேட்கிறோம். தெருவில் விசுவாசம் என்ற சொல்லுக்குள் நம்புவதும் உண்மையாய் இருப்பதும் ஒன்றாகக் கிடக்கின்றன. கோவிலுக்குள் நுழைந்ததும் அதே சொல் சுருங்கிப்போய், மனதுக்குள் ஒத்துக்கொள்வது என்று ஆகிவிடுகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் பிஸ்திஸ். தெருவில் நாம் புழங்குகிற விசுவாசத்தைப்போல அதிலும் இரண்டு பக்கமும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. ரோமர் 3:3இல் மனிதருடைய "அவிசுவாசம் தேவனுடைய உண்மையை அவமாக்குமோ" என்று வருகிறது. அங்கே "உண்மை" என்று போட்டிருப்பது இதே பிஸ்திஸைத்தான். தேவன் தம் வாக்கை விட்டுப் போகாதவர் என்ற பொருளில் அது வருகிறது. யோவான் 3:36 இன்னும் நேராகப் பேசும். தமிழில் "விசுவாசமாயிருக்கிறவன்", "விசுவாசியாதவன்" என்று ஒரே சொல்லின் இரு பக்கமாக வாசிக்கிறோம். கிரேக்கத்தில் இரண்டாவது சொல் வேறு: கீழ்ப்படியாதவன் என்ற பொருள் தருவது. நம்புகிறவனுக்கு எதிரே யோவான் கீழ்ப்படியாதவனை நிறுத்துகிறார்.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'விசுவாசம்' என்பதை 'நம்பிக்கை' என்றும், 'இரட்சிப்பு' என்பதை 'மீட்பு' என்றும் ஆக்கியது. பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்க எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் 'நம்பிக்கை' என்கிறபோது அந்த 'சாப்பிட்ட வீடு' நினைவுக்கு வருவதில்லை. எனக்கு அது இழப்புதான்.

இதில் வேறொரு பள்ளமும் இருக்கிறது. விசுவாசம் என்றால் விசுவாசமாக நடந்துகொள்வது, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டால், முன்வாசலில் தடுத்த கிரியை கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நாய் விசுவாசமாக இருந்து சோறு சம்பாதிப்பதில்லை. சோறு வைத்த கை முதலில் வந்தது.

கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பு என்று நம்புகிறார்களா?

இல்லை. என் அம்மாச்சி முன்னால் இதைச் சொல்லியிருந்தால் ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பார். கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட தீர்மானங்களில் முதலாவதே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் நீதிமானாக முடியும் என்பவனைக் கண்டிக்கிறது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நீதிமானாக்குதல் என்பதைப் புராட்டஸ்டன்ட் சபைகள் ஒரு தீர்ப்பாகப் பார்த்தன: கிறிஸ்துவினிமித்தம் நீதிபதி 'விடுதலை' என்று சொல்கிறார், அந்த நிமிடமே விடுதலை; குணம் மாறுவது அதைத் தொடர்ந்து வரும் பரிசுத்தமாகுதல். கத்தோலிக்கத் திருச்சபை அதை ஒரு குணமாதலாகப் பார்த்தது: அருள் உள்ளே ஊற்றப்பட்டு மனிதன் உண்மையாகவே நீதியுள்ளவனாக ஆகிறான், அது வளரும், சாவான பாவத்தால் இழந்தும் போகலாம், ஒப்புரவு அருட்சாதனத்தில் திரும்பப் பெறலாம். கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகள் நீதிமன்ற மொழியையே அதிகம் பேசுவதில்லை; தேவனுடைய ஜீவனில் பங்குபெறுவது என்பார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். நற்கிரியைக்கு நம்மைத் தகுதிப்படுத்தி அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் மெத்தடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை; ஒப்புக்கொள்ளாத லூத்தரன்களும் உண்டு. ஆனால் இன்னமும் மேடையில் நின்று 'அவர்கள் கிரியைக்காரர்' என்று பேசுவது நியாயமில்லை.

கன்வென்ஷன் கூட்டத்தில் கையை உயர்த்தி ஜெபம் சொன்னேன். இரட்சிக்கப்பட்டுவிட்டேனா?

அந்த ராத்திரி தேவன் உங்களைத் தொட்டதைச் சந்தேகப்படச் சொல்லமாட்டேன். கையை உயர்த்தியதையே ரசீதாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

இதைப் பற்றி அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகளில் 1980களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொண்டு ஆண்டவராக ஏற்காமல் இருக்க முடியாது, மனந்திரும்பாத விசுவாசம் விசுவாசமே இல்லை என்றார் போதகர் ஜான் மெக்கார்தர். ஈவுக்கு நிபந்தனை போட்டால் அது ஈவு ஆகாது, கீழ்ப்படிதல் சீஷனுக்குரியது, இரட்சிப்புக்கு நம்புவது மட்டும் போதும் என்றார் வேதப் பேராசிரியர் ஜேன் ஹாட்ஜஸ். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இரண்டு குரலும் கேட்கிறது, பெரும்பாலும் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமலே.

நான் மெக்கார்தர் பக்கம் அதிகம் சாய்கிறேன். மத்தேயு 7:21ஐ என்னால் தாண்டிப் போக முடியவில்லை: "கர்த்தாவே! கர்த்தாவே!" என்கிறவன் அல்ல, பிதாவின் சித்தத்தின்படி செய்கிறவனே. 1937இல் ஜெர்மனியில் லூத்தரன் போதகர் போன்ஹோஃபர் 'மலிவான கிருபை' என்று எழுதினார்: மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. ஹிட்லருக்குக் கைதூக்கிக்கொண்டிருந்த ஞானஸ்நானம் பெற்ற ஜனங்களின் நடுவே இருந்து அதை எழுதினார். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் ஹாட்ஜஸின் பயமும் நியாயமானது. 'நீ உண்மையிலே ஆண்டவராக ஏற்றுக்கொண்டாயா' என்று வாரா வாரம் துருவித் துருவிக் கேட்டு, மென்மையான மனசுக்காரர்களை நடுங்கவைத்த பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அடங்காதவன் அந்தப் பிரசங்கத்தில் தூங்கிவிடுவான். அடிபடுவது ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவர்தான்.

ஞானஸ்நானம் எடுக்காமல் இரட்சிப்பு உண்டா?

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் கிடையாது, திருவிருந்து கிடையாது, திருப்பிக் கொடுக்க நேரமும் கிடையாது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் ஆண்டவர். மறுபக்கம், பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, "பாவமன்னிப்புக்கென்று" ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார். 'கிறிஸ்துவின் சபை' என்ற பிரிவினர் இந்த வசனத்தை அப்படியே எடுத்து, தண்ணீரில் முழுகும்போதுதான் மன்னிப்பு என்பார்கள். பாப்டிஸ்டுகள், இரட்சிக்கப்பட்டவன் கீழ்ப்படிந்து கொடுக்கும் சாட்சி என்பார்கள். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதைத் தேவன் கிருபை தரும் வழி என்று சொல்லிக் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் ஞானஸ்நானத்தை விரும்பியும் பெறுமுன் இறந்தவனைக் கத்தோலிக்கத் திருச்சபை கைவிடுவதில்லை.

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு தம்பி மூன்று முறை ஞானஸ்நானம் எடுத்தவன். குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். இருபது வயதில் வேறொரு சபையில், அது செல்லாது என்று தொட்டியில் முழுக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு சபையில், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரில் எடுத்தது செல்லாது, இயேசுவின் நாமத்தில் மட்டும் எடுக்க வேண்டும் என்று மறுபடியும் முழுக்கினார்கள். "அண்ணே, இது செல்லுமா?" என்று என்னிடம் வந்து கேட்டான். கையில் மூன்று சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. ஒவ்வொரு முறையும் அவன் கீழ்ப்படிந்துதான் இறங்கியிருக்கிறான். ஒருவர்கூட, 'உன்னைப் பிடித்துக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார்' என்று சொல்லி அவனைக் கரையேற்றவில்லை.

இரட்சிப்பை இழக்க முடியுமா?

"ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை" என்கிறது யோவான் 10. கிருபையை ருசித்தவர்கள் மறுதலித்துப் போவதைப் பற்றிப் பயங்கரமாக எச்சரிக்கிறது எபிரெயர் 6. 1610இல் டச்சு இறையியலாளர் ஆர்மினியுவின் சீஷர்கள் இதில் உறுதி சொல்லத் தயங்கினார்கள். 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்களை முடிவுவரை காப்பார் என்று தீர்த்தது. மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி ஆர்மினியு பக்கம். நம் பெந்தெகொஸ்தே சபைகளில் 'பின்வாங்கிப்போனான்' என்ற சொல் சாதாரணமாகப் புழங்குவது அந்த வழியில் வந்தது. வாக்குத்தத்தத்தைக் கலங்குகிறவனுக்கும் எச்சரிக்கையைத் துணிகிறவனுக்கும் வாசியுங்கள். பெரும்பாலும் நாம் மாற்றி வாசிக்கிறோம்.

எவ்வளவு கீழ்ப்படிந்தால் போதும்?

ஒரு ஆச்சி வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம், "நான் செஞ்சது போதுமாய்யா?" என்று கேட்டார்கள். காணிக்கை, உபவாசம், வருஷத்துக்கு ஒருமுறை வேதத்தை முழுக்க வாசித்து முடிப்பது எல்லாம் உண்டு. ஒரு சுவர் விவகாரத்தில் கொழுந்தன் மனைவியோடு பதினாலு வருஷமாகப் பேச்சில்லை. அதுதான் உறுத்தியது.

"போதாது ஆச்சி. யார் செஞ்சதும் போதாது" என்றேன். அவர்கள் முகம் விழுந்தது. அப்புறம் எபேசியர் 2ஐ எடுத்து மூன்று வசனம் வாசித்தேன். எட்டு, ஒன்பது எல்லோருக்கும் மனப்பாடம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்", அது "தேவனுடைய ஈவு", "கிரியைகளினால் உண்டானதல்ல". பத்தை யாரும் சொல்வதில்லை: நற்கிரியைகளைச் செய்வதற்கென்று நாம் சிருஷ்டிக்கப்பட்டோம், "அவைகளில் நாம் நடக்கும்படி அவர் முன்னதாக அவைகளை ஆயத்தம்பண்ணியிருக்கிறார்." அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை உங்களுக்காக முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது ஆச்சி, அதைச் செய்தால் உள்ளே விடுவார் என்பதற்காக அல்ல, நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் என்றேன். போனார்களா என்று நான் கேட்கவில்லை.

'போதுமா' என்ற கேள்வி எழும்போதெல்லாம் மாற்கு 9இல் வரும் தகப்பனையும் நினைத்துக்கொள்ளுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான். பாதிதான் வைத்திருந்தான். இயேசு அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு அவன் பிள்ளையைக் குணமாக்கினார்.

என் அம்மா யாருக்கும் கெடுதல் செய்யாதவர். ஆனால் கிறிஸ்துவை ஏற்கவில்லை. அவருக்கு?

வீட்டில் முதல் ஆளாகச் சபைக்கு வந்தவர்கள் எல்லோரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அறிந்து விசுவாசிக்காமல் இரட்சிப்பில்லை என்று பல சபைகள் சொல்கின்றன. தன் தவறில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, அருளின் ஏவுதலால் மனசாட்சியின்படி நடக்க முயல்கிறவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. அங்கேயும் அவர்களை இரட்சிப்பது அவர்கள் நல்லவர்களாக இருப்பது அல்ல, கிறிஸ்துவின் அருள்தான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் அம்மாவுக்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. சோதோமுக்காகப் பரிந்து பேசியபோது ஆபிரகாம் கேட்டதை நீங்களும் கேட்கலாம்: சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ? அதுவரை, தாயைக் கனம்பண்ணு என்ற கற்பனை உங்களுக்கு இருக்கிறது. சபைக்கு வந்தபிறகு அம்மா கையால் சாப்பிட மறுக்கிற பிள்ளையின் கீழ்ப்படிதல் எந்தக் கற்பனைக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ஒரே நாளில் ஆதியாகமம் 15, ரோமர் 4, ஆதியாகமம் 22, யாக்கோபு 2 என்ற வரிசையில் வாசியுங்கள். வசனங்களைப் பிய்த்து எடுக்காமல் முழு அதிகாரமாக வாசியுங்கள். இன்னொரு நாள் அப்போஸ்தலர் 16ஐ வாசித்துவிட்டு, அதே மூச்சில் பிலிப்பியர் நிருபத்தைத் தொடங்குங்கள். நான்கே அதிகாரம், சத்தமாக வாசித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கடிதம் பிலிப்பியில் முதல்முறை வாசிக்கப்பட்ட அன்று, கூட்டத்தில் அந்தச் சிறைச்சாலைக்காரனும் உட்கார்ந்திருக்கலாம். பயத்தோடும் நடுக்கத்தோடும் என்ற வரி வரும்போது, விளக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய தன் கையை அவன் ஒருதரம் பார்த்திருப்பான்.